டிரிபிள்-ஈ பேராசிரியரிலிருந்து துணைவேந்தர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்பொறியியல் (டிரிபிள்-ஈ) துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் பல்கலைக்கழகத் தலைமைக்கு வருவதற்குள் கடக்க வேண்டிய படிகள் என்ன, விண்ணப்பம் எந்த இடத்தில் அடிபடும், பதவியேற்றதும் முதலில் எதில் கை வைக்க வேண்டும்? ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்கள் இந்திய விதிகளையும், குறிப்பாகத் தமிழ்நாட்டு நடைமுறையையும் ஒட்டியவை.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் துணைவேந்தர் தகுதியைத் தொட எத்தனை வருடம் பிடிக்கும்?

விதிப்படி குறைந்தது 20 வருடம். நடைமுறையில் 25-ஐத் தாண்டும்.

தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2019-ல் வெளியிட்ட விதிகளைப் பாருங்கள். பி.இ., எம்.இ. இரண்டும் முடித்து, ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகலாம். இணைப் பேராசிரியர் பதவிக்கு பிஎச்.டி., 8 வருட அனுபவம், அதில் பிஎச்.டி.க்குப் பிறகு 2 வருடம், தரமான இதழ்களில் 6 கட்டுரைகள் வேண்டும். பேராசிரியர் பதவிக்கு 10 வருட அனுபவமும் அதில் இணைப் பேராசிரியர் நிலையில் 3 வருடமும் தேவை. கூடவே, அந்த நிலையில் எழுதிய 6 கட்டுரைகளும் உங்கள் வழிகாட்டலில் பிஎச்.டி. முடித்த 2 மாணவர்களும் இருக்க வேண்டும். மாணவர் யாரும் முடிக்கவில்லை என்றால் 10 கட்டுரைகள்.

அதன் பிறகுதான் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதி வருகிறது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக 10 வருடம், அல்லது பெயர்பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ 10 வருடம் இருந்திருக்க வேண்டும். கல்வித் தலைமையைக் காட்டியதற்குச் சான்றும் வேண்டும். 29, 30 வயதில் பிஎச்.டி. முடித்தவருக்குப் பேராசிரியர் பதவி 40-ஐ ஒட்டிக் கிடைக்கும். துணைவேந்தர் தகுதி 50 வயதை ஒட்டி வரும். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் ஓய்வு வயது 60. ஆகவே முழுச் சுறுசுறுப்போடு போட்டியிடக் கிடைப்பது ஏறத்தாழ 10 வருடம். இணைப் பேராசிரியர் பதவியில் மூன்று நான்கு வருடத்தைச் சும்மா கழித்தால் அது கடைசியில்தான் உறைக்கும்.

அந்தப் 10 வருடத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எங்கே தவறு நேர்கிறது?

விண்ணப்பங்கள் அதிகமாக அடிபடும் இடம் இதுதான். 2022 நவம்பரில் உத்தராகண்டில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனம் ரத்தானதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் பேராசிரியராக இருந்தது சுமார் எட்டரை வருடம். அதன் பிறகு மாநிலத் தேர்வாணைய உறுப்பினராக இருந்த காலத்தையும் சேர்த்துத்தான் 10 என்று காட்டப்பட்டது. அந்தக் கூட்டல் செல்லவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரடியானது. பேராசிரியர் நியமன ஆணை, பணியில் சேர்ந்த நாளின் அறிக்கை, பணி மேம்பாட்டுத் திட்டம் (நேரடி நியமனம் இல்லாமல் பதவி உயர்வு) வழியாக வந்திருந்தால் அந்த ஆணை, ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் பணி விடுவிப்புக் கடிதம் என எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி, விண்ணப்பத்தின் கடைசி நாள் வரை வருடம், மாதம், நாள் என்று கூட்டுங்கள். மேம்பாட்டுத் திட்டத்தில் வந்தவர்களுக்கு இரண்டு தேதிகள் இருக்கும்: ஆணை வெளியான நாள் ஒன்று, பதவி எந்த நாளிலிருந்து செல்லும் என்று ஆணைக்குள் எழுதியிருக்கும் நாள் இன்னொன்று. இரண்டையும் வெளிப்படையாகக் காட்டுங்கள். சாதகமானதை மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறைத்தால், பின்னால் ரிட் மனு போடுபவர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

இணைவுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த காலம் செல்லுமா என்ற கேள்வியும் உண்டு. விதியில் இருப்பது ‘பல்கலைக்கழகத்தில்’ என்ற சொல். கல்லூரி அனுபவத்தை அதற்குள் அடக்குவது எப்போதும் வாதத்துக்கு இடம் கொடுக்கும். அந்தந்த அறிவிப்பின் வாசகத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கல்லூரி முதல்வர் பதவியையே நம்பியிருப்பவர்கள், இடையில் ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு மாறுவது நல்லது.

தேடல் குழு எப்படி வேலை செய்கிறது?

யு.ஜி.சி. விதிப்படி தேடல் குழு 3 முதல் 5 பெயர்கள் கொண்ட பட்டியலை வேந்தருக்கு (மாநிலப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாக ஆளுநர்) கொடுக்க வேண்டும். குழு உறுப்பினர்கள் உயர்கல்வியில் பெயர்பெற்றவர்களாக இருக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தோடும் அதன் கல்லூரிகளோடும் எந்தத் தொடர்பும் கூடாது. ஒருவரை யு.ஜி.சி. தலைவர் நியமிப்பார். ஒவ்வொரு பெயரையும் ஏன் பரிந்துரைத்தோம் என்று எழுத்தில் தர வேண்டும்.

‘பட்டியல்’ என்ற சொல் அலங்காரத்துக்காக இல்லை. கேரளத்தில் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குழு ஒரே ஒரு பெயரை மட்டும் அனுப்பியிருந்தது முக்கியக் காரணம். தேர்வானவரின் தகுதி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நடைமுறை பிசகினால் பதவி போய்விடும் என்பதை விண்ணப்பிப்பவரும் மனதில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை சிக்கலானது. மாநிலச் சட்டங்களின்படி வழக்கமாக மூவர் குழு: வேந்தரின் பிரதிநிதி, அரசின் பிரதிநிதி, பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் அல்லது பேரவையான செனட்டின் பிரதிநிதி. நான்காவதாக யு.ஜி.சி. பிரதிநிதி வேண்டுமா என்பதில்தான் பல வருடமாக இழுபறி. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சட்டமாயின. மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வரைவு விதிகளோ தொழில்துறை, பொது நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கும் கதவைத் திறக்கப் பார்த்தன. தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆகவே அறிவிப்பு வெளியான நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்க்காமல் விண்ணப்பத்தைத் தயாரிக்காதீர்கள்.

ஐ.ஐ.டி. இயக்குநர் பதவிக்கும் இதே வழிதானா?

இல்லை. ஐ.ஐ.டி.கள் 1961-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வருபவை. குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஐ.ஐ.டி. கவுன்சில் இயக்குநரை நியமிக்கிறது. பதவிக்காலம் 5 வருடம். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் 3 வருடம்தான். இந்த இரண்டு வருட வித்தியாசம் சாதாரணமானதில்லை. ஒரு புதிய பாடத்திட்டம் கல்விப் பேரவையில் ஒப்புதல் பெற்று, அதில் சேர்ந்த முதல் அணி நான்கு வருடம் படித்து வெளியே வருவதற்குள் 3 வருடத் துணைவேந்தர் போயே விடுவார்.

மின்பொறியியல்காரர்கள் இந்தப் பதவிகளில் நிறையப் பேர் இருக்கிறார்களே, ஏன்?

பெயர்களை வரிசைப்படுத்தினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பி.வி. இந்திரேசன் டெல்லி ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்து, 1979 முதல் 1984 வரை சென்னை ஐ.ஐ.டி. இயக்குநராக இருந்தார். பாஸ்கர் ராமமூர்த்தி பெல் ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டு 1986-ல் சென்னை ஐ.ஐ.டி. மின்பொறியியல் துறையில் சேர்ந்தார். கம்பியில்லாத் தொலைபேசிக்கான கார்டெக்ட் தொழில்நுட்பத்தை உருவாக்கிய குழுவில் இருந்த அவர், 2011 முதல் 2022 தொடக்கம் வரை இயக்குநர். அவர் காலத்தில்தான் 2020-ல் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு தொடங்கியது. ஹைதராபாத் ஐ.ஐ.டி.யை அதன் முதல் இயக்குநராகக் கட்டியெழுப்பிய உதய் தேசாயும் மின்பொறியியல்காரர்தான்.

வெளிநாட்டில் ஸ்டான்போர்டின் பிரெடரிக் டெர்மனைப் பார்க்கலாம். 1937-ல் துறைத் தலைவர். இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டில் வானொலி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். பிறகு பொறியியல் டீன், 1955 முதல் 1965 வரை ப்ரோவோஸ்ட், அதாவது கல்வி விவகாரங்களின் தலைவர். கணினிச் செயலி (ப்ராசஸர்) நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய ஜான் ஹென்னசி 1996-ல் பொறியியல் டீன், 1999-ல் ப்ரோவோஸ்ட், 2000 முதல் 2016 வரை ஸ்டான்போர்டின் தலைவர். சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன் எம்.ஐ.டி.யில் 2011-ல் மின்பொறியியல்-கணினித் துறைத் தலைவர், 2017-ல் பொறியியல் டீன், 2025 ஜூலையில் ப்ரோவோஸ்ட்.

இவர்களில் பலர், கட்டுரைகளோடு நிற்காமல், பலர் சேர்ந்து உழைத்தால்தான் ஓடும் ஒன்றைக் கட்டிக் காட்டியவர்கள்: ஒரு தொலைபேசி அமைப்பு, ஒரு போர்க்கால ஆய்வகம், ஒரு செயலி நிறுவனம், ஒரு புதிய வளாகம். மின்பொறியியலின் இயல்பே அதற்கு இழுத்துச் செல்லும். அறையில் தனியாக உட்கார்ந்து இந்தத் துறையில் பெரிதாக எதையும் ஓட்டிக் காட்ட முடியாது. ஆய்வகம், தொழில்நுட்ப உதவியாளர், கொள்முதல், மின்வாரியம், தொழிற்சாலை என எல்லோரோடும் பேசியாக வேண்டும். தலைமைக்கான பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

துறைத் தலைவர் பதவி தேவையா? அதைத் தவிர்த்துவிட்டு மேலே போக முடியாதா?

தவிர்க்காதீர்கள். எங்கள் கணிப்பில் இந்தப் பாதையிலேயே அதிகம் கற்றுக்கொடுக்கும் மூன்று வருடம் அதுதான். காரணம், பணமும் ஆட்களும் பாதுகாப்பும் ஒரே மேசைக்கு வருவது அங்கேதான் முதல் தடவை.

முதலில் ஆட்கள் கணக்கு. இளநிலைப் படிப்பில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆசிரியர்களுக்குள் பேராசிரியர், இணை, உதவி என்று 1:2:6. வருடத்துக்கு 60 பேர் சேரும் துறையில் நான்கு ஆண்டுக்கும் 240 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். 1:2:6-ஐ அதில் வைத்தால் 1.33, 2.67, 8. பின்னத்தில் ஆளை நியமிக்க முடியாது. எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதில்தான் வாக்குவாதம் தொடங்கும். படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. குழு வரும்போது இந்த எண்ணிக்கையை மூன்று வருடச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிப் பட்டியல்களில் இருந்தது 2024-ல் தமிழ்நாட்டில் வெளிச்சத்துக்கு வந்த பிறகு இந்தச் சோதனை இன்னும் இறுகியிருக்கிறது, இறுகவும் வேண்டும்.

அடுத்து கொள்முதல். மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் வாங்க வேண்டும் என்று வையுங்கள். விவரக்குறிப்பில் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தாளில் மட்டும் இருக்கும் சொற்றொடரை அப்படியே எடுத்துப் போட்டால், தணிக்கையில் ‘போட்டி மறுக்கப்பட்டது’ என்று ஆட்சேபணை வரும். ‘4 சேனல், 200 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், விநாடிக்கு 100 கோடி மாதிரிகள் அல்லது அதற்கு மேல்’ என்று தேவையின் மொழியில் எழுதுங்கள். ஏன் 200 வேண்டும் என்பதற்கு ஒரு பத்திக் குறிப்பைக் கோப்பில் வையுங்கள். தொழில்நுட்ப உறையையும் விலை உறையையும் தனித்தனியாகக் கேளுங்கள். கருவி வருவதற்குள் அறை தயாரா என்று பாருங்கள். மூன்று பேஸ் இணைப்பு இல்லாத அறைக்கு மோட்டார் சோதனை மேசை வந்து இறங்கி, பெட்டி பிரிக்காமலே உத்தரவாதக் காலம் முடிந்துபோவது பல இடங்களில் நடப்பதுதான்.

மூன்றாவது பாதுகாப்பு. இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் 400 வோல்ட் டி.சி. பஸ்ஸில் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் அதில் தேங்கும் ஆற்றல் 176 ஜூல். ஸ்விட்சை அணைத்த பிறகும் அது அங்கேயே இருக்கும். தேங்கியதை வடிக்க 10 கிலோ ஓம் பிளீடர் ரெசிஸ்டர் போட்டால் நேர மாறிலி 22 விநாடி. 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்க சுமார் 46 விநாடி. அந்த ரெசிஸ்டர் தொடர்ந்து 16 வாட் எரிக்கும், ஆகவே 25 வாட்டுக்குக் குறைந்ததைப் போட்டால் ஒரு செமஸ்டருக்குள் கருகிவிடும். கருகியது வெளியே தெரியாது. கை வைக்கும் மாணவருக்குத்தான் தெரியும். மெயின்ஸோடு நேராக இணைந்த சர்க்யூட்டை அளக்க, ஆஸிலோஸ்கோப்பின் எர்த் பின்னை உடைத்துவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. கருவியின் உலோக உடலே மின்னழுத்தத்துக்கு ஏறிவிடும். எர்த்தைச் சாராமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வாங்குங்கள். ஒவ்வொரு மேசையிலும் அவசரகாலச் சிவப்புப் பொத்தானும், சாக்கெட்டுகளுக்கு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். ஆனால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் எர்த் தொடர்பு இல்லாததால் அந்த ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டிக்காது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

டீன், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் - அடுத்து எது நல்லது?

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பதவிக்கு ஆசிரியர்கள் தயங்குவார்கள். ஆனால் தமிழ்நாட்டைப் போல இணைவுக் கல்லூரிகள் நிறைந்த இடத்தில் பல்கலைக்கழகத்தின் நாடித்துடிப்பு அங்கேதான் தெரியும். வினாத்தாள், விடைத்தாள் திருத்தும் முகாம், மறுமதிப்பீடு, சான்றிதழ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தவறினால் பல்லாயிரம் மாணவர்களின் மேற்படிப்பும் வேலையும் தள்ளிப்போகும். ஆராய்ச்சி டீன் பதவி பட்டியலில் பார்க்க அழகு. கையில் அதிகாரம் குறைவு. பதிவாளர் பதவியில் சட்டமும் சிண்டிகேட்டும் நன்றாகப் பழகும். இரண்டு மட்டும் கிடைக்கும் என்றால் எங்கள் தேர்வு: ஒரு தேர்வுப் பொறுப்பு, ஒரு டீன் பொறுப்பு.

நிர்வாகத்துக்குப் போனால் ஆராய்ச்சி செத்துவிடுமா?

திட்டமிடாவிட்டால் செத்துவிடும். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 மாணவர்கள் வரை வழிகாட்டலாம். நிர்வாகப் பொறுப்பு வருவதற்கு ஒரு வருடம் முன்பே எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இருப்பவர்களுக்கு இணை வழிகாட்டியை முறைப்படி நியமித்து ஆணை வாங்குங்கள். வாய்மொழி ஏற்பாட்டில் விட்டால் ஆய்வேட்டில் கையெழுத்திடும் நாளில் பிரச்சினை கிளம்பும், அவதிப்படுவது மாணவர். வாரத்தில் அரை நாள், மாறாத நேரத்தில், அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல் நீங்களே ஆய்வகத்துக்குப் போங்கள்.

நிதித் திட்டங்களையும் முடித்துவையுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் மத்திய அரசு நிதி விதிகளின் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் போக வேண்டும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தை ஆள் சம்பளத்துக்கு எடுத்துவிட்டு அனுமதிக் கடிதம் வாங்காமல் இருந்தால், கடைசித் தவணை நிற்கும். முடியாத கணக்கோடு துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பித்தால் அது உங்கள் பெயருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்.

கட்டுரைகள் எத்தனை வேண்டும்?

மேலே சொன்ன குறைந்தபட்சம் தாண்டினால் எண்ணிக்கை பெரிதாக உதவாது. திரும்பப் பெறப்பட்ட ஒரு கட்டுரை, நல்ல ஐம்பதின் மதிப்பைக் கெடுத்துவிடும். உங்கள் பெயரைச் சேர்த்து மாணவர் அனுப்பும் ஒவ்வொன்றையும் அனுப்புமுன் படியுங்கள்.

நேர்காணலிலும் தொலைநோக்கு அறிக்கையிலும் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

‘உலகத்தரம்’, ‘முதல் 100 இடங்கள்’ என்று தொடங்கும் அறிக்கைகள் குழுவின் மேசையில் குவிந்து கிடக்கும். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் கடைசியாக வந்த நாக் (தர மதிப்பீட்டு அமைப்பு) அறிக்கையையும் படித்துவிட்டு எழுதுங்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, ஓய்வூதியச் செலவு எவ்வளவு, தேர்வு முடிவுகள் எத்தனை நாளில் வருகின்றன என்ற மூன்று எண்களை வைத்து மூன்று வருடத்துக்கு மூன்று வேலைகளைச் சொன்னால் போதும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைக் குறிப்பிட்டால், அதன் ஐந்து அளவுகோல்களில் எதை, என்ன செய்து, எத்தனை வருடத்தில் உயர்த்துவீர்கள் என்று சொல்லுங்கள். மாணவர்-ஆசிரியர் விகிதத்தை நியமனம் இல்லாமல் உயர்த்த முடியாது, நியமனம் நிதி இல்லாமல் நடக்காது. இந்தச் சங்கிலியைப் புரிந்தவர் என்று தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பதவியேற்ற முதல் மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு பட்டியல்களைக் கேளுங்கள்: அடுத்த ஆறு மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வங்கியில் பணம் இருக்கிறதா, நிலுவையில் உள்ள நீதிமன்ற வழக்குகள், குறிப்பாக அவமதிப்பு வழக்குகள், வெளியிட வேண்டிய தேர்வு முடிவுகள், பொறுப்பு அதிகாரிகளால் ஓட்டப்படும் பணியிடங்கள். இவை நான்கும் கைக்கு வரும்வரை புதிய அறிவிப்பு எதுவும் வேண்டாம்.

ஐந்தாவதாக ஒன்று, மின்பொறியியல்காரருக்கே உரியது: வளாகத்தின் மின்கட்டண ரசீது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புக்கு, பதிவான உச்சத் தேவை அல்லது அனுமதிக்கப்பட்ட தேவையில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத் தேவைக் கட்டணம் விழும். அனுமதி 1500 கே.வி.ஏ. (மின்தேவையின் அலகு), வருடம் முழுவதும் பதிவாகும் உச்சம் 900 என்று வையுங்கள். ரசீது 1350-க்கு வரும். பயன்படுத்தாத 450-க்கு மாதாமாதம் பணம் போகிறது. 12 மாத ரசீதுகளை வரிசையாக வைத்து, கோடையில் குளிர்சாதனம் ஓடும் மாதத்தின் உச்சத்தோடு கொஞ்சம் இடைவெளி சேர்த்து, அனுமதியைக் குறைக்க விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். புதிய விடுதியோ ஆய்வகமோ வரவிருந்தால் அதைக் கூட்டிய பிறகே குறையுங்கள். திரும்ப ஏற்றுவது லேசில்லை.

பவர் ஃபேக்டரையும், அதாவது வாங்கும் கே.வி.ஏ.வில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தையும், பாருங்கள். 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம். 800 கிலோவாட் சுமை 0.85-ல் ஓடினால் 941 கே.வி.ஏ.; 0.95-க்கு ஏற்றினால் 842. அதற்குத் தேவையான கெபாசிட்டர் சுமார் 233 கே.வி.ஏ.ஆர். ஆனால் வளாகத்தில் யு.பி.எஸ்.களும் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களும் எல்.இ.டி. விளக்குகளும் நிறைய என்றால் வெறும் கெபாசிட்டரை மாட்டாதீர்கள். இவை உண்டாக்கும் ஹார்மோனிக் மின்னோட்டத்தோடு (அலைவடிவத்தைச் சிதைக்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) ஒத்ததிர்வு ஏற்பட்டுக் கெபாசிட்டர் உப்பி வெடிக்கும். முதலில் ஹார்மோனிக் அளவெடுத்து, 7 சதவீத ரியாக்டரோடு சேர்ந்த கெபாசிட்டர் தொகுப்பைக் கேளுங்கள். இரவில் சுமை குறையும்போது தானாகக் கழன்றுகொள்ளும் கட்டுப்பாடும் தேவை. இல்லாவிட்டால் பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாயும்.

இந்த வேலையைத் துணைவேந்தர் தானே செய்ய வேண்டியதில்லை. சரியான கேள்வியைக் கேட்டால் போதும். எஸ்டேட் அலுவலகம், நிதிப் பிரிவு, மின்பொறியியல் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் முதல் கூட்டமாக இது அமையும். யாருக்கும் பதவி போகாத, எவர் மீதும் குற்றம் சுமத்தாத, மூன்றே மாதத்தில் ரசீதில் தெரியும் வேலை. தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை எங்களால் சொல்ல முடியவில்லை.

பொறியியல் மூளை எங்கே வழுக்கும்?

உள்ளீடு கொடுத்தால் வெளியீடு வரும் என்று எதிர்பார்க்கும் இடத்தில். சுற்றறிக்கை ஒரு சிக்னல் இல்லை. ‘வருகைப்பதிவு இனி கைரேகைக் கருவியில்’ என்று ஆணை போட்டு, அடுத்த வாரமே கருவியை மாட்டிவிட்டு, மாலையில் சங்கத்தின் முழக்கம் கேட்கும்போது திகைப்பவர்கள் உண்டு. ஆசிரியர் சங்கம், அலுவலர் சங்கம், ஓய்வூதியர் ஆகியோரை ஆணைக்கு முன்பு சந்திக்க வேண்டும். வரைவை அவர்கள் கையில் கொடுத்து, எழுத்தில் கருத்துக் கேட்டு, இரண்டு வாரம் காத்திருந்து, சிண்டிகேட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். சிண்டிகேட் குறிப்பில் பின்னணி, நடப்பிலுள்ள விதி, நிதிச்சுமை, முன்மொழியும் தீர்மான வாசகம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நிதிச்சுமை பத்தி இல்லாத குறிப்பு ‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்றே திரும்பும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சொந்தத் துறைக்கு முதலில் செய்வது. புதிய பணியிடமும் புதிய கட்டடமும் டிரிபிள்-ஈ துறைக்கே போனால், தமிழ்த்துறையும் கணிதத்துறையும் மூன்று வருடமும் உங்களை அந்தத் துறையின் ஆளாகவே பார்க்கும்.

சம்பளம்?

ஏழாவது ஊதியக்குழுவின்படி உதவிப் பேராசிரியர் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், இணைப் பேராசிரியர் 1,31,400, பேராசிரியர் 1,44,200. துணைவேந்தருக்கு 2,10,000 நிலையானது; படிகள் தனி. மூத்த பேராசிரியரின் ஊதியத்திலிருந்து பெரிய தாவல் இல்லை. பணத்துக்காக இந்தப் பதவியை நாடுவதில் பொருளில்லை.

துணைவேந்தரே இல்லாத பல்கலைக்கழகத்தில் எப்படி வேலை நடக்கிறது?

தமிழ்நாட்டில் பதவி காலியாகும்போது பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலர் போன்றவர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு பொறுப்பேற்கிறது. அன்றாடக் கோப்புகள் நகரும். ஆனால் நீண்டகால நியமனம், புதிய பாடப்பிரிவு, பெரிய நிதி முடிவு எல்லாம் தேங்கும். இப்படிப்பட்ட இடத்துக்கு வருபவர், குழுவின் காலத்தில் எடுத்த முடிவுகளின் பட்டியலைச் சிண்டிகேட் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒப்புதல் இல்லாமல் நிற்பவற்றை முதல் கூட்டத்திலேயே வைத்துவிட வேண்டும்.

பதவிக்காலம் முடிந்ததும்?

ஓய்வு வயது வராதவர் தாய்த் துறைக்குப் பேராசிரியராகத் திரும்பலாம். யு.ஜி.சி. விதிப்படி துணைவேந்தராக இருந்த காலம் பணிக்காலத்திலேயே சேரும், பணிப்பயன்கள் அறுபடாது. அதற்கு, போகும்போதே உரிமை நீடிப்பு ஆணையை (பழைய பணியிடம் உங்களுக்கே இருக்கும் என்ற ஆணை) தாய் நிறுவனத்தில் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் நியமனமோ பெரிய ஒப்பந்தமோ வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்டவைதான் பின்னால் விசாரணைக்கு வரும். அடுத்து வருபவருக்கு நிலுவை வழக்குகள், முடியாத டெண்டர்கள், வாக்குக் கொடுத்தும் செய்ய முடியாமல் போனவை ஆகியவற்றைப் பத்துப் பக்கத்துக்குள் எழுதிப் பதிவாளரிடம் ஒரு பிரதியும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். துறைக்குத் திரும்பியதும் முதல் செமஸ்டரில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சர்க்யூட் தியரி கேட்டு வாங்குங்கள். மூன்று வருடம் கோப்பில் மட்டும் பார்த்த மாணவர்கள் அந்த வகுப்பில்தான் இருப்பார்கள்.